மூடி வைத்த மீன்

மூன்றாம் மாடி பஸ் டிரைவர் வீட்டில் தினமும் பூனைக்கு சால்மன் மீன் பொரித்துப் போடுகிறார்களாம். துணி துவைக்கும் அறையில் காவலாளி அம்மா சொன்னார். அவருக்கு ஐந்தாம் மாடி டீச்சர் சொன்னாராம். டீச்சருக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டதற்கு, "இதெல்லாம் ஊருக்கே தெரிஞ்ச விஷயம்தானே" என்று பதில் வந்தது.

"சும்மா பொரிச்ச மீன் இல்ல தம்பி. காத்துலயே பொரிக்கிற பெட்டி இருக்கே, ஏர் ஃபிரையர், அதுல. தோலெல்லாம் மொறுமொறுன்னு. என் பிள்ளைங்களுக்கே நான் அப்படி செஞ்சு குடுத்ததில்ல."

"அவங்க வீட்டுல பூனையே இல்லையேம்மா."

"வீட்டுல எதுக்கு? குப்பைத்தொட்டி கொட்டகையில இருக்கே, ஆரஞ்சுக் கலர்ல ஒண்ணு. போய்ப் பாருங்க, தலகாணி மாதிரி கெடக்கு."

போய்ப் பார்த்தேன். தலையணை மாதிரிதான் கிடந்தது. என்னை ஒரு கண்ணால் பார்த்துவிட்டு, இவன் கையில் ஒன்றுமில்லை என்று முடிவுகட்டி மறுபடி தூங்கிவிட்டது.

நான் குடியிருப்பது டிரைவர் வீட்டுக்கு நேர் கீழே. கட்டடத்தில் எங்கே மீன் வாசம் எழுந்தாலும், வெளியிலிருந்து வந்து குடியேறியவன் கதவைத்தான் முதலில் திரும்பிப் பார்ப்பார்கள் என்று எனக்கு எப்போதும் ஒரு பயம் உண்டு. இதுவரை யாரும் பார்த்ததில்லை. அதனால் பயம் குறைந்துவிடவும் இல்லை. ஆனால் அன்று என்னைப் பிடித்துக்கொண்ட கவலை வேறு. அந்த மீன் யாருக்காகப் பொரிக்கப்படுகிறது என்று எனக்குத் தெரியும். பூனைக்காக இல்லை.

டிரைவருக்குக் கட்டடத்தில் 'சிக்னல்' என்று பெயர். தாழ்வாரத்தில் திரும்பும்போதுகூட இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார். லிஃப்ட் கதவு மூடும்முன் யாராவது ஓடி வருகிறார்களா என்று எட்டிப் பார்ப்பார். பிள்ளைகள் வைத்த பெயரைப் பெரியவர்களும் பிடித்துக்கொண்டார்கள். அவருக்கும் தெரியும். "நல்ல பேருதானே, ஹாரன்னு வெக்காம விட்டாங்களே" என்பார். அவர் மனைவி, துணி வெளுக்கும் கடை ஒன்றின் பின்னறையில் தையல் வேலை பார்க்கிறார். கால்சட்டை நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, தைத்ததைத் தேய்த்து மடித்துக் கொடுப்பது. அவரை நான் அக்கா என்பேன்.

மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகு வீட்டில் இவர்கள் இருவர்தான். இருவரையும் சேர்ந்தாற்போல் பார்ப்பது அரிது. அக்கா காலையில் போய் மாலையில் வருவார். டிரைவருக்கு மாலை முறை; அக்கா வீடு திரும்புவதற்குச் சற்று முன்னால் கிளம்பிவிடுவார். அவர் வந்து சேரும்போது அக்கா தூங்கியிருப்பார். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்று பெயர்; அன்றும் மாலையானால் டிப்போவிலிருந்து போன் வரும். யாரோ ஒரு டிரைவருக்கு வயிற்றுவலி, யாரோ ஒருவர் மச்சானைச் சேர்த்திருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். இவர் போனை இரண்டாவது தரம் மணியடிக்க விட்டதே இல்லை. "பஸ்ல மணியடிச்சா நிறுத்தாம போக முடியுமா? அந்த மாதிரிதான்" என்று அதற்கு ஒரு நியாயமும் வைத்திருந்தார்.

ஆகவே இந்தத் தம்பதியின் பேச்சுவார்த்தை முழுவதும் மேசையில் ஒருவருக்கொருவர் மூடி வைத்த தட்டுகள் வழியாகத்தான் நடந்தது. தட்டின்மேல் தட்டைக் கவிழ்த்திருந்தால் சாதாரண நாள். அதைச் சுற்றித் துண்டும் கட்டியிருந்தால் முந்தின நாள் மனஸ்தாபத்துக்குச் சமாதானம். கட்டின துண்டுக்கு முடிச்சும் போட்டிருந்தால் சமாதானம் கொஞ்சம் கோபத்தோடு. மூடாமல் வைத்த நாள் என்று ஒன்று கிடையாது. "மூடாம வெச்ச சாப்பாட்ட பாத்தா, யாரோ பாதியில எழுந்து போன மாதிரி இருக்கும் தம்பி" என்பார் டிரைவர்.

இப்படியே போய்க்கொண்டிருந்தது. நடுவில் அக்காவுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது அது வாசனையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. நாக்குக்கு உப்பும் புளிப்பும் ஏதோ தெரிந்தன. மற்றதெல்லாம் ஈரக் காகிதத்தை மெல்வது போல என்றார். கடையில் ஒருவருடைய கம்பளிக் கால்சட்டை இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் கருகுவதை, புகை கண்ணில் பட்ட பிறகுதான் கண்டார். வீட்டில் பால் தீய்ந்து, பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். அன்றோடு அடுப்பு டிரைவர் கைக்கு மாறியது.

அக்கா சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போனார். ஆனால் தையல்காரர் மெலிந்தால் வெளியே தெரியாது. சட்டை தொளதொளவென்று தொங்கினால்தானே கண்ணில் படும்? அவர் சட்டை எப்போதும் அளவெடுத்துத் தைத்த மாதிரியே இருந்தது. ஒருநாள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்த டிரைவர் தற்செயலாக ஒரு சட்டையை உள்பக்கம் திருப்பினார். ஒரு தையலுக்குப் பக்கத்தில் இன்னொரு தையல், அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

"ரோட்டுல பழைய கோட்ட அழிச்சிட்டு புதுசா போடுவாங்கல்ல, அந்த மாதிரி இருந்துச்சு தம்பி" என்று லிஃப்டில் என்னிடம் சொன்னார். என் மாடியைத் தாண்டி அவர் மாடி வந்து கதவு திறந்து, மறுபடி மூடி, லிஃப்ட் எங்களோடு கீழே போய்விட்டது. அவர் கவனிக்கவில்லை. அவர் கவனிக்காமல் விட்ட ஒரே நிறுத்தம் அதுவாகத்தான் இருக்கும்.

டாக்டர், எடை இதற்கும் கீழே போனால் படுக்கையில் சேர்த்துக் குழாய் வழியாகத்தான் ஆகாரம் கொடுக்க வேண்டியிருக்கும் என்றார். முட்டை, மீன், அதிலும் கொழுப்புள்ள மீன் சாப்பிடச் சொன்னார். வாசனை எப்போது திரும்பும் என்று கேட்டதற்குக் கையை விரித்தார். திரும்பலாம் என்றார்.

வழி காட்டியது ஒரு ரஸ்க். ஒரு காலை டிரைவர் எழுந்து வந்தபோது, அக்கா வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் நின்றபடியே ரஸ்க் கடித்துக்கொண்டிருந்தார். டீயில் நனைக்காமல். ஒன்று முடிந்ததும் கை தானாக டப்பாவுக்குள் போனது.

"ருசி தெரியுதா?" என்றார் டிரைவர் ஆவலாக.

"ருசி எங்க தெரியுது? சத்தம் கேக்குது."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டார் மனிதர். சத்தம் போடுகிற மீன் வேண்டும். விபத்தில்லாமல் ஓட்டியதற்காக டிப்போவில் பரிசாகக் கொடுத்த ஏர் ஃபிரையர், வீட்டில் வெங்காயக் கூடையாக உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தது. வெங்காயத்தைக் கொட்டிவிட்டு அதைத் துடைத்து வைத்தார். கூட வந்த சிறு புத்தகத்தைப் படித்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டார். அப்படித்தான் எனக்கு இதெல்லாம் தெரியவந்தது. புத்தகத்தில் கோழிக் காலும் உருளைக்கிழங்கும் இருந்தன. மீனைப் பற்றி ஒரு வரி இல்லை.

"பாருங்க, வெளக்கமா எழுதியிருக்கான், நமக்கு வேண்டியத தவிர" என்றார்.

முதல் நாள், மீனை நாலு தண்ணீரில் அலசி, மிளகாய்த்தூளைக் குழைத்துத் தடவி உள்ளே வைத்தார். மசாலா கருகியது, தோல் மழையில் நனைந்த செருப்பு வார் மாதிரி வந்தது. மீன் கடைக்காரம்மாவிடம் போய் முறையிட்டார். அந்தம்மா வெட்டுக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாராம்:

"அண்ணே, மீன குளிப்பாட்டுனீங்களே, தலைய துவட்டுனீங்களா?"

"துவட்டறதா?"

"ஈரம் இருந்தா பொரியாது, அவியும். தோல் மேல கத்தியோட முதுக வெச்சு ஒரு இழுப்பு இழுங்க, தண்ணி வரும். டிஷ்யூவால ஒத்தி எடுங்க. அப்புறம் தட்டுல வெச்சு ஃபிரிட்ஜுல அப்படியே விட்டுடுங்க. மூடாதீங்க."

"மூடாமயா?" இந்த ஒரு யோசனைதான் அவருக்கு ஒட்டவில்லை. இருந்தாலும் செய்தார். அடுத்த தடவை பெட்டியை முதலில் வெறுமனே சூடேற்றி, தோலின்மேல் எண்ணெயை விரலால் தொட்டுத் தடவி, உப்பைக் கடைசி நிமிடத்தில் தூவி, தோல் மேலே பார்த்தபடி வைத்தார். வெளியே எடுத்துக் கரண்டியால் தட்டினால் டக்டக்கென்றது. அக்காவுக்குத் தட்டில் வைத்துவிட்டுத் துள்ளிக் குதித்து வேலைக்குப் போனார். திரும்பி வந்து பார்த்தால் தட்டு காலி.

"முள்ளுகூட இல்ல தம்பி! சுத்தமா காலி!" அடுத்த நாள் மாடிப்படியில் என்னை நிறுத்திச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அதன்பிறகு தினமும் சால்மன்தான். தினமும் காலித் தட்டுதான். எடை மட்டும் ஏறவில்லை. டாக்டரின் தராசு சரியில்லை என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

இந்த நேரத்தில்தான் பூனைச் செய்தி என் காதுக்கு வந்தது. அவரிடம் சொல்லலாமா கூடாதா என்று துவைத்த துணியையே இன்னொரு தரம் துவைக்கும் அளவுக்கு நான் குழம்பிப்போனேன். அதற்கு அவசியமில்லாமல் காவலாளி அம்மா முந்திக்கொண்டார். டிரைவரின் ஓய்வு நாள் ஒன்றில், தபால் பெட்டிகளுக்கு முன்னால் நாங்கள் மூவரும் நின்றபோது நேராகவே கேட்டுவிட்டார்.

"டிரைவர் சார், உங்க பூனைய கொஞ்சம் பட்டினி போடுங்க. நடக்கவே மாட்டேங்குது."

"எனக்கேதும்மா பூனை?"

"அட, வீட்டம்மா தினமும் சாயங்காலம் தட்டோட கொட்டகைக்குப் போறாங்களே. தோல உரிச்சுக் குடுத்தாதான் தொரை சாப்பிடுவாராம்."

டிரைவர் கையிலிருந்த தபாலைப் பெட்டிக்குள்ளேயே திரும்ப வைத்துப் பூட்டினார். பிறகு என் முழங்கையைப் பிடித்தார். "தம்பி, மேல வாங்க."

சமையலறை சின்னது. மேசை ஒன்று, நாற்காலி இரண்டு, மூலையில் ஒரு முக்காலி. ஒரு நாற்காலியின் மெத்தை அமுங்கியே இராமல் புதிதாக இருந்தது. டிரைவர் ஃபிரிட்ஜிலிருந்து மீன் துண்டுகளை எடுத்தார்.

"தினமும் எப்படி செய்யிறனோ அப்படியே செய்யிறேன். எதையும் மாத்த மாட்டேன். நீங்க சாட்சி."

கத்தியின் முதுகால் இழுத்தார், ஒத்தினார், எண்ணெய் தொட்டார், உப்புத் தூவினார். உப்பு கொஞ்சம் மேசையிலும் விழுந்தது. பெட்டி இரைந்து ஓய்ந்ததும் இரண்டு துண்டுகளை எடுத்தார். ஒன்றை என் முன்னால் வைத்தார்.

"சாப்பிட்டுப் பாருங்க. முகத்துக்காக சொல்லாதீங்க. இது பூனை திங்கிற சாப்பாடா?"

கடித்தேன். தோல் அப்பளம் மாதிரி உடைந்தது. உள்ளே சதை மெத்தென்று, இதழ் இதழாகப் பிரிந்தது. நான் வாயைத் திறந்து பதில் சொல்வதற்கு முன்பே சத்தம் சொல்லிவிட்டது.

"கேட்டுச்சா?" என்றார். "எனக்கும் கேட்டுச்சு. அப்புறம் ஏன்?"

அவர் அக்காவுக்கான மீனைத் தட்டில் வைத்து, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து, துண்டால் சுற்றினார். அன்று முடிச்சும் போட்டார். பிறகு இருவரும் காத்திருந்தோம். நான் மெல்ல எழுந்து நழுவப் பார்த்தேன். "சாட்சி எங்க போறீங்க?" என்றார். முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா வந்தார். சட்டைக் காலரில் குண்டூசிகள் குத்தியபடியே இருந்தன. எங்களைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றார்.

"என்னங்க, வீட்டுல இருக்கீங்க? டிப்போவ இழுத்து மூடிட்டாங்களா?"

"இன்னைக்கு எனக்கு லீவு. உக்காந்து சாப்பிடு."

"சாப்பிடறேன். இந்தப் பையன ஏன் பிடிச்சு வெச்சிருக்கீங்க? என்னை பொண்ணு பாக்க வந்த மாதிரி உக்காந்திருக்கான், பாவம்."

"நீ சாப்பிடு முதல்ல. இல்ல, பூனை காத்துக்கிட்டு இருக்குமா?"

அக்கா பையைக் கீழே வைத்தார். காலரிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக உருவி மேசைமேல் அடுக்கினார். அதற்குமேல் உருவ ஊசி இல்லாமல் போனதும் உட்கார்ந்தார். முடிச்சை அவிழ்த்து மேல்தட்டைத் தூக்கினார். தட்டின் உள்பக்கத்திலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக மீன்மேல் விழுந்தது. தோல் சுருங்கி, நனைந்து, சதையோடு ஒட்டிக் கிடந்தது. முள்கரண்டியால் தொட்டார்; தோல் சத்தமில்லாமல் அமுங்கியது.

"தினமும் இப்படித்தாங்க இருக்கும்" என்றார் அக்கா. "நீங்க மெனக்கெட்டு செஞ்சு வெக்கிறீங்க. வாயில போட்டா ரப்பர். வாசம் இருந்தா கண்ண மூடிக்கிட்டு முழுங்கிடலாம். வாசமும் இல்ல, சத்தமும் இல்ல. எனக்கு குமட்டிக்கிட்டு வருது. அத உங்ககிட்ட எப்படி சொல்றது? காலித் தட்ட பாத்து நீங்க அவ்ளோ சந்தோஷப்பட்டீங்க."

"அதனால அந்தத் தடியனுக்குப் போட்டியா?"

"அதுக்கு மூக்கு நல்லா இருக்குங்க. ரசிச்சு சாப்பிடுது."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். டிரைவருக்குச் சிரிப்பு வரவில்லை. "இப்ப இருந்துச்சே. கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி மொறுமொறுன்னு இருந்துச்சே. தம்பி, நீங்க சொல்லுங்க."

"இருந்துச்சுக்கா. நான் சாப்பிட்டேன். சத்தம் நல்லாக் கேட்டுச்சு."

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த மேல்தட்டைப் பார்த்தார். அதன் உள்பக்கத்தில் பெருவிரலை வைத்து ஒரு கோடு இழுத்தார். நீர்த்துளிகள் ஒன்றுகூடி விளிம்புக்கு ஓடின.

"ஆவி" என்றார். "கடையில கஞ்சி போட்டு மொடமொடன்னு காலர் வருதுன்னு வெச்சிக்கோங்க. அத பிரிக்கணும்னா நான் என்ன செய்வேன்? ஆவி காட்டுவேன். துவண்டுடும். நீங்க சுடச்சுட மீன வெச்சு, தட்ட கவுத்து, துண்டு வேற சுத்தி, முடிச்சும் போட்டு..."

"ஆறிடக் கூடாதேன்னுதான்..."

"தெரியும்ங்க."

டிரைவர் துண்டை எடுத்து மடித்தார். மடித்ததைப் பிரித்தார். இத்தனை வருஷமாகத் தினமும் செய்து வந்த ஒரு காரியம் தன் கைக்குள்ளேயே இப்படித் திரும்பிக்கொள்ளும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

"சரி, நாளையிலேர்ந்து மூடாம வெக்கிறேன்."

"மூடாம வெச்சா ஆறி, நமுத்துப் போகும்."

"அப்ப என்னதான் செய்யிறது?"

"எடுக்கும்போது நான் இங்க இருக்கணும்" என்றார் அக்கா. தட்டைப் பார்த்தபடி, மீனைப் பற்றி மட்டுமே பேசுவது போலச் சொன்னார். "நான் இருக்கும்போது நீங்களும் இருக்கணும்."

டிரைவர் ஃபிரிட்ஜைத் திறந்தார். கடைசியாக ஒரு மீன் துண்டு மிச்சம் இருந்தது. அதை எடுத்தார். கத்தியின் முதுகால் இழுத்தபோது அக்கா பக்கத்தில் போய் நின்றார். "மெதுவா. தோல் கிழிஞ்சிடும். என்கிட்ட குடுங்க" என்று டிஷ்யூவை வாங்கி, பட்டுத் துணியில் கறை எடுப்பது போல ஒத்தி ஒத்தி எடுத்தார். உப்பை டிரைவர் தூவினார். பெட்டி இரைய ஆரம்பித்ததும் இருவரும் அதன் முன்னால் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி நின்றார்கள்.

மணியடித்தது. டிரைவர் மீனைத் தட்டில் வைத்தார். வைத்த கையோடு அவருடைய இடது கை தானாகவே மேல்தட்டைத் தேடிப் போனது. அக்கா அதைச் சட்டென்று எடுத்து என் மடியில் வைத்துவிட்டார்.

"இத பிடிச்சுக்கோ தம்பி. இவர்கிட்ட குடுக்காத."

உட்கார்ந்தார். தோலின் ஒரு ஓரத்தை முள்கரண்டியால் உடைத்து வாயில் வைத்துக் கடித்தார். ஒரு சத்தம். சின்னதுதான்; காய்ந்த சருகை மிதித்த மாதிரி. அக்கா மெல்லாமல் நிறுத்தினார். அது முழுவதும் கேட்டு முடியட்டும் என்று காத்திருப்பவர் போலத் தலையைச் சற்று சாய்த்தார். பிறகு மென்றார். அடுத்ததைக் கொஞ்சம் பெரிதாக, சதையோடு சேர்த்து எடுத்தார். அதற்கடுத்ததை எடுக்கும்போது அவசரம் தெரிந்தது. டிரைவர் நின்றுகொண்டே இருந்தார். மூச்சை விட்டால் அந்தச் சத்தத்துக்கு ஏதாவது ஆகிவிடும் என்பது போல.

அப்போது ஃபிரிட்ஜின் மேலிருந்த போன் அடித்தது.

யார் என்று எட்டிப் பார்க்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. அந்த நேரத்துக்கு டிப்போதான். டிரைவரின் கை பாதி தூரம் மேலே போய்விட்டது. இரண்டாவது மணி அடித்தது. கை அங்கேயே நின்றது.

"யாருக்கோ வயித்துவலி" என்றார் அக்கா, நிமிர்ந்து பார்க்காமல்.

எடு என்றும் சொல்லவில்லை, எடுக்காதே என்றும் சொல்லவில்லை. மீதித் தோலைக் கரண்டியின் விளிம்பால் இரண்டாக உடைத்தார். டக்கென்றது. ஒரு பாதியைச் சின்னத் தட்டில் வைத்து, எதிரே அமுங்காத மெத்தை போட்ட நாற்காலிப் பக்கம் தள்ளினார்.

டிரைவர் போனைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். தாழ்வாரத்தில் திரும்புவதற்கு முன்னால் பார்ப்பாரே, அதே மாதிரி இரண்டு பக்கமும் இன்னொரு தரம் பார்த்தார்.

"நமுத்துடும்" என்றார், யாருக்கோ காரணம் சொல்வது போல. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

என் மடியில் இருந்த தட்டிலிருந்து நீர் வடிந்து முழங்காலை நனைத்துக்கொண்டிருந்தது. நான் அசையவில்லை. போன் ஒருமுறை ஓய்ந்து, மறுபடி அடிக்க ஆரம்பித்தது. அதற்கு நடுவில் மேசையின் இந்தப் பக்கம் ஒரு மொறுக், அந்தப் பக்கம் ஒரு மொறுக். ஃபிரிட்ஜின் மேல் போன் அடித்துக்கொண்டே இருந்தது.